தண்ணீர் மட்டும்

“தண்ணி மட்டுமா?”

ஜாஸ்லினின் குரல் கூட்டத்தின் கடைசி வரிசை வரை கேட்டது.

“ஆமாங்கக்கா. இந்த வருஷம் ஜெபமாலை மாசத்துல எந்த வீட்லயும் பலகாரம் கிடையாது. காபி கூட வேணாம். தண்ணி மட்டும் போதும்,” என்றாள் ஜோவிதா.

நான்கு தெருக்களின் ஜெபக்குழுவான அன்பியத்துக்குத் தலைவியாகி அவள் பேசிய முதல் கூட்டம் அது. பக்கத்து மேட்டுப்பாளையம் தொழிற்பேட்டையில் ஒரு கம்பெனியில் பேக்கிங் பிரிவைக் கவனிப்பவள். தலைமை மாற வேண்டும் என்று புதிய ஃபாதர் சொல்லிவிட்டதால், பல ஆண்டுகள் தலைவியாக இருந்த ஆனந்தமேரி அம்மாள் ஒதுங்கிக்கொண்டார். சீட்டுக் குலுக்கியபோது ஜோவிதாவின் பெயர் வந்தது.

அக்டோபர் மாதத்தில் மாதாவின் சிலையான சுரூபம் மாலைதோறும் ஒரு வீட்டுக்குச் செல்லும். எல்லோரும் அங்கே கூடி ஜெபமாலை சொல்வார்கள். பிறகு உபசாரம். சுண்டலில் தொடங்கிய அந்த உபசாரம், வீட்டுக்கு வீடு போட்டி போட்டுக்கொண்டு கட்லெட்டும் கேக்குமாக வளர்ந்திருந்தது.

“காரணத்தச் சொல்லு,” என்றாள் ஜாஸ்லின்.

“எனக்குச் சமைக்க நேரமில்ல. அப்படின்னே வச்சுக்கங்கக்கா.”

“உனக்கு நேரமில்லன்னா ஊரே பட்டினி கெடக்கணுமா?”

“மாதாவுக்குப் பசிக்காது. எனக்குப் பசிக்குமே!” என்றார் விக்டர். பிரெஞ்சு ராணுவத்தில் இருந்தவர் என்பதால் தெருவே அவரைச் ‘சொல்தா’ என்றுதான் அழைக்கும்.

எல்லோரும் சிரித்தார்கள். ஜோவிதா சிரிக்கவில்லை. தன் சொல்லை மாற்றிக்கொள்ளவும் இல்லை.

அக்டோபர் பிறந்தது. இரண்டு வாரங்கள் தண்ணீரோடு கழிந்தன. கூட்டம் பாதியாகக் குறைந்தது. ‘கஞ்சத் தலைவி’ என்ற பட்டம் மட்டும் தெருத்தெருவாக வளர்ந்தது.

அன்று சூசைநாதன் வீட்டு முறை.

சூசைநாதன் தேங்காய்த்திட்டு மீன்பிடித் துறைமுகத்தில் ஐஸ் உடைப்பவர். சந்தின் கடைசியில் இருந்த அவர் வீட்டுக்குப் ‘பூட்டு வீடு’ என்றே பெயர். ஒவ்வோர் ஆண்டும் மாதா வரும் நாளில் அந்தக் கதவில் பூட்டுத் தொங்கும். வாசலில் நின்று ஒரே ஒரு ‘அருள் நிறைந்த மரியே’ சொல்லிவிட்டு, சுரூபத்தை அடுத்த வீட்டுக்கு எடுத்துச் சென்றுவிடுவார்கள்.

“மாதா வர்ற நாளாப் பார்த்து ஊருக்குப் போற குடும்பம்! பக்தி அவ்ளோதான்,” என்று நடந்தபடியே சொன்னாள் ஜாஸ்லின். பிறகு ஆனந்தமேரியின் பக்கம் திரும்பினாள். “அக்கா, இன்னைக்கு முடிஞ்சதும் நேரா ஃபாதர்கிட்ட போறோம். நீங்களே திரும்பவும் தலைவியா வரணும். எல்லாரும் சரின்னுட்டாங்க.”

“முதல்ல ஜெபம் முடியட்டும் ஜாஸ்லின்.”

முன்னால் சுரூபத்தை ஏந்திச் சென்ற ஜோவிதாவுக்கு ஒவ்வொரு சொல்லும் கேட்டது. அவள் திரும்பிப் பார்க்கவில்லை.

விக்டர் ஜாஸ்லினை நெருங்கினார். “பையில என்னம்மா?”

“குடை.”

“குடையா? மசாலா வாசனை அடிக்குதே!”

“மெதுவாப் பேசுங்கண்ணே. பூட்டு வீட்டு வாசல்ல எந்தச் சட்டமும் கிடையாது. அங்க வச்சு ஆளுக்கு ரெண்டு கட்லெட் தர்றேன். யார் தடுக்கறாங்கன்னு பார்த்துடலாம்.”

“மெர்சி!” என்று பிரெஞ்சிலேயே நன்றி சொன்னார் விக்டர், மனம் நிறைந்து.

சந்து திரும்பியது. முன்னால் சென்றவர்கள் நின்றுவிட்டார்கள்.

கதவு திறந்திருந்தது.

வாசல் கழுவியிருந்தது. படியின் இரு பக்கமும் மெழுகுவர்த்திகள் எரிந்தன. சலவைச் சட்டை அணிந்த சூசைநாதன், முன்னால் வந்து இரு கைகளாலும் சுரூபத்தை வாங்கிக்கொண்டார். ஜெபமாலையின் முதல் பத்து மணிகளை அவரே சொல்லத் தொடங்கினார். அந்த வீட்டில் அப்படி ஒரு கம்பீரமான குரல் இருந்தது அதுவரை யாருக்கும் தெரியாது.

ஜெபமாலை முடிந்ததும், சாம்பல் போட்டுத் தேய்த்த சில்வர் டம்ளர்களைத் தட்டில் அடுக்கிக்கொண்டு அவர் மனைவி வந்தாள்.

“கேக்கு, கட்லெட்டெல்லாம் எங்களால வைக்க முடியாதுங்க. இந்த வருஷம் தண்ணி மட்டும்னு சொன்னாங்க. அது எங்க வீட்லயும் இருக்குது. எல்லாரும் குடிச்சுட்டுத்தான் போகணும்.”



ஜாஸ்லின் பையின் ஜிப்பை இழுத்து மூடினாள். ஒரு டம்ளரை எடுத்து, அண்ணாந்து, கடைசிச் சொட்டு வரை குடித்தாள்.

“இன்னொரு டம்ளர் குடும்மா.”

“எனக்கும்!” என்றார் சொல்தா.

புறப்படும்போது சூசைநாதன் குடும்பமே மாதாவைச் சுமந்தது. அன்று பாடிய பாட்டுக்கு, அந்த ஆண்டு வராமல் இருந்தவர்கள்கூட வாசலுக்கு வந்து, அப்படியே ஊர்வலத்தில் சேர்ந்துகொண்டார்கள்.

“என்ன ஜாஸ்லின், ஃபாதர்கிட்ட போலாமா?” என்று கேட்டார் ஆனந்தமேரி.

“எதுக்குக்கா? நாளைக்கு எங்க வீட்டு முறை. போய்க் குடத்தைத் தேய்க்கணும்.”

ஆனந்தமேரி நடையைக் குறைத்து, பின்னால் வந்த ஜோவிதாவோடு சேர்ந்துகொண்டார்.

“இத்தனை வருஷம் தலைவியா இருந்தவ நான். அவங்க ஊருக்குப் போயிருக்காங்கன்னுதான் நினைச்சேன். உனக்கு மட்டும் எப்படித் தெரிஞ்சுது?”

ஜோவிதா குரலைத் தாழ்த்தினாள்.

“போன வருஷம் வாசல்லயே ஜெபம் சொல்லிட்டு நீங்கல்லாம் போயிட்டீங்கம்மா. அறுந்த செருப்பைக் கழட்ட நான் மட்டும் நின்னேன். பூட்டுன கதவுக்கு உள்ளேர்ந்து மெதுவா ‘ஆமென்’னு கேட்டுச்சு. குழந்தைங்க குரலோட.”