சொம்புத் தண்ணீர்

கை ஈரத்தில் பட்டது.

அவள் அப்படியே உட்கார்ந்துவிட்டாள்.

கல்யாண மண்டபத்தின் மாடி ஹால். நீளமான ஒரே ஜமக்காளத்தில் பிள்ளைகள் தூங்கிக்கொண்டிருந்தார்கள். ஒருத்தி கால் இன்னொருத்தி வயிற்றின் மேல். ஜன்னல் வெளுத்திருந்தது. கீழே தவில்காரர் தட்டிப் பார்த்துக்கொண்டிருந்தார்.

மகளை எழுப்பத்தான் மாடிக்கு வந்தாள். கௌசிகாவுக்குப் பன்னிரண்டு வயது. எல்லாரோடும் ஒரே ஜமக்காளத்தில் அவள் படுத்தது இதுதான் முதல் முறை.

ஜமக்காளம் நனைந்திருந்தது.

பிறவியிலேயே கௌசிகாவின் சிறுநீர்ப்பை மிகச் சிறியது. ஒரு எலுமிச்சம்பழம் அளவுகூட இராது. அதன் வாயும் சரியாக மூடாது. பகலும் இரவும் சொட்டும்.

விசேஷ வீடுகளில் தங்க நேர்ந்தால் அம்மாவுக்கு ஒரு வழி இருந்தது. யாரும் எழுவதற்கு முன் மகளின் படுக்கையில் ஒரு சொம்புத் தண்ணீரைக் கவிழ்த்துவிடுவாள். ஐயோ, கை தவறிவிட்டது என்பாள்.

கையில் எதுவும் நிற்காதவள் என்று சொந்தத்தில் பேராகிவிட்டது. பந்தியில் ரசவாளியை அவளிடம் யாரும் கொடுப்பதில்லை. பிள்ளைக்கு ஒரு பேர் வருவதைவிடத் தனக்கு வந்தால் வந்துவிட்டுப் போகட்டும் என்று இருந்துவிட்டாள்.

கோடை விடுமுறையில்தான் கோயம்புத்தூரில் அறுவை சிகிச்சை நடந்தது. குழந்தைகளுக்கு மட்டுமே கத்தி எடுக்கும் டாக்டர் அம்மா. குடலில் ஒரு துண்டை எடுத்து, சிறுநீர்ப்பையோடு சேர்த்துத் தைத்துப் பெரிதாக்கினார். கசிந்த வாயை இறுக்கினார். குடல்வாலை வைத்து, பையிலிருந்து தொப்புளுக்கு ஒரு வழி செய்தார். வெளியே பார்த்தால் வெறும் தொப்புள்தான். நேரத்துக்கு அதில் மெல்லிய குழாயை விட்டுச் சிறுநீரை இறக்கிவிட வேண்டும். மற்றபடி ஒரு சொட்டு வராது.

"இனிமே சாவி உங்க பொண்ணு கையில" என்றார் டாக்டர்.

அவள் நம்பினாள். முந்தின இரவு, நானும் மாடியில் எல்லாரோடும் படுத்துக்கொள்கிறேன் என்று மகள் கேட்டபோது, சரி என்று தலையாட்டினாள். ஊரிலிருந்து கிளம்பும்போது துணிப்பையின் அடியில் ரப்பர் ஷீட்டை வைக்காமல் மட்டும் வர முடியவில்லை.

இப்போது ஈரம்.

அவ்வளவு ஊசி. அவ்வளவு தையல். எல்லாம் வீண்.

அழுகை வரவில்லை. அதற்குள் கால்கள் குழாயடிக்குப் போய்விட்டன. சொம்பு நிறைந்தபோதுதான் தான் என்ன செய்கிறோம் என்பதே அவளுக்குத் தெரிந்தது.

திரும்பி வந்தபோது கௌசிகா எழுந்து உட்கார்ந்திருந்தாள்.

அவளுடைய வெளிர்நீலப் பேன்ட்டில் ஒரு புள்ளி ஈரமில்லை.

அவள் சொம்போடு குனிந்து பார்த்தாள். நம்பாமல் தொட்டும் பார்த்தாள். காய்ந்த துணி. மகள் படுத்திருந்த இடமும் காய்ந்துதான் கிடந்தது.

பக்கத்தில் நாத்தனார் மகள் நேத்ரா. ஆறு வயது. கவுன் தொடையோடு ஒட்டியிருந்தது. முகத்தைத் தலையணையில் அழுத்தி, கண்களை இறுக மூடியிருந்தாள். தூங்குகிற பிள்ளைக்குக் கண் அப்படி இறுகாது.

மாடிப்படியில் வளையல் சத்தம். நேத்ரா, நேத்ரா என்று கூப்பிட்டுக்கொண்டே நாத்தனார் ஏறி வந்தார்.

ஒரு வளைகாப்பில் கௌசிகா உட்கார்ந்து எழுந்த நாற்காலியை எல்லார் முன்னாலும் காலால் தள்ளி வைத்தவர்.

அவள் அசையவில்லை. வரட்டும் என்று நின்றாள். பார்க்கட்டும். அந்த ஒரு நொடி அவளுக்கு நன்றாகவே இருந்தது. பொய் சொல்வானேன்.

கௌசிகா எட்டி அவள் கையிலிருந்த சொம்பை வாங்கினாள். நேத்ராவின் மேல் கவிழ்த்தாள்.

நேத்ரா வீல் என்று எழுந்தாள்.

"தண்ணியக் கொட்டிப்போட்டனுங்க அத்தை."

"அட, உங்கம்மா கை அப்படியே உனக்கும் வந்திருச்சா! புள்ளை கவுனெல்லாம் பாரு!"

திட்டிக்கொண்டே நாத்தனார் மகளைத் தூக்கிக்கொண்டு நடந்தார். அம்மாவின் தோளுக்கு மேலிருந்து நேத்ரா கௌசிகாவையே பார்த்துக்கொண்டு போனாள்.

அவள் அந்த வித்தையை மகளுக்குச் சொன்னதே இல்லை. பிள்ளை தூங்குகிறாள் என்றுதான் அத்தனை வருடமும் நினைத்திருந்தாள்.

அந்த விடியற்காலைகளில் மகளின் கண்களும் இறுகித்தான் இருந்திருக்கும்.

கௌசிகா எழுந்து நின்றாள். சோம்பல் முறித்தாள். குழாய் வைத்திருந்த தன் சின்னப் பையை எடுத்துக்கொண்டு கீழே போனாள். அவளும் பின்னாலேயே போனாள்.

குளியலறை வாசலில் முகூர்த்த நேரத்து வரிசை. கையில் சோப்புப் பெட்டி, தோளில் துண்டு, ஆளாளுக்கு அவசரம். கௌசிகாவும் வரிசையில் நின்றாள். அவள் முறை வந்தது. கதவு திறந்தது.

பின்னால் ஒரு பெரியம்மா கால் மாற்றிக் கால் மாற்றி நின்றார்.

கௌசிகா ஒதுங்கி வழிவிட்டாள்.

"நீங்க போங்க பெரியம்மா. எனக்கொண்ணும் அவசரமில்லீங்க."