ஒன்பதுக்கு ஒன்பது

குளிருக்கு ஜன்னலையும் தொற்றுக்குக் கதவையும் அடைத்துக்கொண்டு நானும் என் வீட்டுக்காரரும் மட்டும் உள்ளே கிடந்த ஒன்பதாம் நாள். தினமும் காலை பத்து மணிக்கு நர்ஸ் போன் செய்வார். ஸ்பீக்கரில் போட்டுக் காய்ச்சல் அளவைச் சொல்வோம். பிறகு, பொழுது போகட்டும் என்று ஒரு பொது அறிவுக் கேள்வி கேட்டு மார்க்கும் போடுவார்.

அன்று மார்க்கை வாசித்தார். “சாருக்கு மூணு, உங்களுக்கு நாலு. அவங்களுக்கு ஒன்பதுக்கு ஒன்பது.”

“எவங்களுக்கு?”

“ஆக்டோபஸுக்கு மூணு இதயம்னு நேத்து சொன்னாங்களே, நீங்க ரெண்டு பேரும் சண்டை போட்டுக்கிட்டு இருந்தப்ப.”

போனை வைத்ததும் இவர் முகம் தொங்கிவிட்டது. வீட்டில் மூன்றாவது ஆள் இருப்பதைப் பற்றி இவருக்கு ஒன்றுமில்லை; தோற்றதுதான் பொறுக்கவில்லை. இரவு சாப்பிடக்கூட வரவில்லை. “நாளைக்கு நாம வாயே திறக்கக் கூடாது. என்னதான் நடக்குதுன்னு பார்ப்போம்,” என்றார் படுத்தபடியே.

மறுநாள் கேள்வி, வெண்கரடியின் தோல் என்ன நிறம் என்பது. இருவரும் உதட்டைக் கடித்துக்கொண்டு போனையே பார்த்தோம். ஹீட்டர் சத்தம் மட்டும்தான் கேட்டது.

“கறுப்பு. கரெக்ட்,” என்றார் நர்ஸ். கொஞ்ச நேரம் எதையோ கேட்பதுபோல் உம் கொட்டினார். பிறகு சிரித்தார்.

“என்ன சார், இதுக்குப் போயா ராத்திரி சாப்பிடாம படுத்தீங்க?”