ராணியின் முதுகு

தையல்காரி குண்டூசிகளைப் பல்லில் கடித்துக்கொண்டு, ஸ்டூல்மேல் நிற்கும் தங்கையைச் சுற்றிச் சுற்றி வருகிறாள். இன்று மாலை நாடகத்தில் தங்கைதான் பாதாள ராணி. ஜன்னல் வெயில் அவள் தோளின் பித்தளைத் தகடுகளில் பட்டுச் சுவரெங்கும் துள்ளுகிறது. கீழே தெருவில் எவனோ விடாமல் ஹாரன் அடிக்கிறான். எதிரே ஒட்டிய புகைப்படத்தில், ஈராயிரம் வருஷத்துச் சுவர்ச் சிற்பமாக அதே ராணி. அதைப் பார்த்துப் பார்த்தே, ஒரு மடிப்புப் பிசகாமல், உடையின் முன்பக்கம் முடிந்திருக்கிறது. முன்பக்கம் மட்டும். "அக்கா, முதுகு திறந்து கிடக்கே?" "சிற்பம் சுவரோட ஒட்டியிருக்குடி. பின்னாடி எப்படி இருந்துச்சுன்னு எவனுக்குத் தெரியும்?" "அப்போ நானும் சுவரோட ஒட்டிக்கிட்டே நடிக்கட்டுமா?" "வாயாடாதே. முதுகைக் காட்டாம சமாளிச்சுக்கோ." "கடைசிக் காட்சி முழுக்க முதுகுதான்க்கா. புருஷனை விட்டுட்டுத் தனியா நடந்து போறா." தையல்காரி ஊசிகளை ஒவ்வொன்றாக வாயிலிருந்து எடுக்கிறாள். மிச்சத் துணியை விரிக்கிறாள், சுருட்டுகிறாள், மறுபடி விரிக்கிறாள். தங்கையின் தோள்பட்டை எலும்புகள் மூச்சுக்கு மூச்சு அசைகின்றன. தையல்காரி சட்டென்று புகைப்படத்தைப் பிய்த்துப் புரட்டுகிறாள். வெறும் வெள்ளைத்தாள். கொண்டையில் செருகிய பென்சிலை உருவி, தாளில் முனையை வைக்கிறாள். "இறங்கி நடடி," என்கிறாள். "திரும்பிப் பார்க்காதே."