இருபத்துமூன்று சதவீதம்

"உங்க மிஷின் பொய் சொல்லுது சார்!"

மீன்காரம்மா போட்ட சத்தத்தில் ஆய்வுக்கூடமே திரும்பிப் பார்த்தது.

ஆய்வாளர் பதறவில்லை. நாற்காலியை இழுத்துப் போட்டார். "உட்காரும்மா. முதல்ல தண்ணியைக் குடி."

அவள் உட்காரவில்லை. பத்து வருஷமாகக் குழந்தைகள் விடுதிக்கு மீன் கொடுத்தவள். இந்த வருஷம் புரதம் அதிகமுள்ள மீனுக்குத்தான் ஆர்டர் என்று விதி வந்துவிட்டது. போட்டிக்கு வந்த ஐஸ் கம்பெனிக்காரனின் மத்தி மீனில் புரதம் இருபத்துமூன்று சதவீதம். அவளுடையதில் பதினெட்டு.

"ஒரே கடல், ஒரே மத்தி. அவன் மீனு மட்டும் தினம் தண்டால் எடுத்துச்சா?"

உதவியாளர் பெண் சிரிப்பை அடக்கிக்கொண்டாள்.

"ஆர்டர் போன வயித்தெரிச்சல்ல பேசாதம்மா. மீன்ல நைட்ரஜன் எவ்வளவுன்னு மிஷின் அளக்கும். அதை வச்சுப் புரதத்துக்குக் கணக்குப் போடுவோம். இதுல வேண்டியவன், வேண்டாதவன் எல்லாம் கிடையாது" என்றார் ஆய்வாளர்.

"அவன் ஐஸ்ல என்னமோ கலக்குறான் சார். வயல்ல உரம் தூவுற மாதிரி, வெள்ளையா. என் கண்ணால பார்த்தேன். அஞ்சு நாளானாலும் மீனு விறைச்சுக்கிட்டு நிக்குது."

"உப்பா இருக்கும்."

"எனக்கு உப்பு தெரியாதா? எனக்கு ஆர்டர் தராட்டிப் போங்க. திங்கப்போறது சின்னப் புள்ளைங்க. அது என்னன்னு ஒரே ஒரு தடவை பாருங்க சார்."

"எங்களைப் புரதம் பார்க்கச் சொன்னாங்க, பார்த்தோம். வேற எதையும் பார்க்கச் சொல்லலை."

அறிக்கையில் கையெழுத்துப் போட்டார். முத்திரையைக் குத்தினார். "தொழில்ல ஜெயிக்கிறதும் தோக்கிறதும் சகஜம். அதுக்காக அடுத்தவன் மேல பழி போடக் கூடாதும்மா" என்றார், சாந்தமாக.

அவள் கூடையைத் தூக்கி இடுப்பில் வைத்துக்கொண்டு வெளியேறினாள்.

வாசல் கேட்டைத் தாண்டும்போது பின்னால் செருப்புச் சத்தம். ஆய்வாளர்தான், மூச்சு வாங்க வந்துகொண்டிருந்தார்.

"ஏம்மா, கொஞ்சம் நில்லு. கூடையில மத்தி மீதி இருக்கா?"

அவள் முகம் மலர்ந்தது. "இருக்கு சார்! இன்னிக்கு விடியக்காலம் வந்தது. மறுபடியும் சோதிச்சுப் பார்க்கப் போறீங்களா?" அவசரமாகக் கூடையை இறக்கினாள்.

அவர் ஒருமுறை பின்னால் திரும்பிப் பார்த்துக்கொண்டார். பிறகு சட்டைப் பையிலிருந்து ஒரு துணிப்பையை எடுத்து உதறினார்.

"வீட்டுக்கும்மா. ஒரு கிலோ போடு. பொண்ணு மாசமா இருக்கா. அவளுக்குப் போய் யூரியா போட்ட மீனைக் கொடுக்க முடியுமா?"