சூட்டில் எடுக்காத வண்டி

"தினமும் இதே வளைவுலதான் நிக்குது. இடம் பார்த்துப் படுக்கறதுக்கு இது வண்டியா, மாடா?"

லாரி முதலாளி செல்லத்துரை கேட்டதில் தப்பில்லை.

அவருடைய லாரி காந்தலூரிலிருந்து பூண்டும் முட்டைக்கோசும் ஏற்றிக்கொண்டு உடுமலைக்கு இறங்கும். திரும்பும்போது உர மூட்டையோடு மலையேறும். மறையூருக்கு முந்தின ஏற்றத்தில், ஓடைப் பக்கத்து வளைவில், ரேடியேட்டருக்குத் தண்ணீர் ஊற்ற டிரைவர் சுவக்கீன் வண்டியை அணைப்பான். அப்புறம் அரைமணி நேரத்துக்கு வண்டி எடுக்காது.

"பழைய பெட்ரோல் வண்டி மொதலாளி. சூட்டோட அணைச்சா பெட்ரோல் பைப்புக்குள்ளேயே கொதிச்சு ஆவியாயிரும். ஆறுனாத்தான் எடுக்கும்."

எட்டு மாதமாக இதே பதில். அந்த அரைமணி நேரமும் அவன் ரோட்டுக்குக் கீழே ஒரு குடிசையில் இருக்கிறான் என்று பஸ்காரர்கள் சொன்னார்கள். குடிசையில் ஒரு பெண் இருக்கிறாள் என்றும் சொன்னார்கள். சொன்னவர்கள் சும்மா சொல்லவில்லை, கண்ணையும் சிமிட்டினார்கள்.

அதனால்தான் இன்று உடுமலையிலிருந்து மெக்கானிக் ஆறுமுகசாமியைக் கையோடு கூட்டி வந்திருந்தார் செல்லத்துரை. கை வைத்த வண்டியைக் கோளாறோடு திருப்பி அனுப்பாத ஆள் என்று ஆறுமுகசாமிக்குப் பெயர்.

வளைவு வந்தது. வண்டி நின்றது. முதலாளி பக்கத்தில் இருக்கிறாரே என்கிற கூச்சம்கூட இல்லாமல், தண்ணீரை ஊற்றிவிட்டு வாளியோடு கீழே இறங்கிப் போய்விட்டான் சுவக்கீன்.

"திமிரைப் பார்த்தியா? கோளாறு இருக்கா இல்லையான்னு மட்டும் சொல்லு. இல்லைன்னா இங்கேயே சாவியை வாங்கிட்டு இறக்கி விட்டுருவேன்."

"முன்னாடி நிசமாவே இருந்துதுங்களா?"

"இருந்துது. ஓடுற வரைக்கும் ஓடட்டும்னு விட்டேன். போன வருசம் சந்தனம்னு ஒரு லோடுமேன், எடுக்காத வண்டியைத் தள்ளப் போனான். வண்டி பின்னால உருண்டு முதுகுல அடி. ஆஸ்பத்திரியில சேர்த்தேன். அதுக்கு மேல நான் என்ன பண்ண?"

ஆறுமுகசாமி பானட்டைத் திறந்தார்.

கார்பரேட்டருக்கு அடியில் சூடு ஏறாதபடி தடிமனான பேக்கிங். பெட்ரோல் பைப்பை எஞ்சின் சூட்டிலிருந்து தள்ளி வளைத்து, கல்நார்க் கயிறு சுற்றியிருந்தது. தொட்டுப் பார்த்தார். சுடவே இல்லை. இதில் பெட்ரோல் எங்கே கொதிக்கும்? கோளாறை யாரோ எப்போதோ அழகாகச் சரிசெய்துவிட்டார்கள்.

அவருக்கு ஆத்திரமாக வந்தது. வாயில்லாத வண்டி மேல் பழி போடுகிறவனை அவருக்குக் கட்டோடு பிடிக்காது.

"என்னப்பா?"

"ஆளைக் கூட்டிட்டு வந்து சொல்றனுங்க."

நாற்பது அடி இறங்கினார். குடிசைக் கதவு திறந்துதான் இருந்தது. முதலில் நாற்றம்தான் வந்தது.

உள்ளே ஒரு மனிதனின் அக்குளில் கை கொடுத்துத் தூக்கி, தன் மார்பில் சாய்த்துப் பிடித்திருந்தான் சுவக்கீன். அந்தப் பெண் வெந்நீரில் துணி நனைத்து அவன் முதுகைத் துடைத்துக்கொண்டிருந்தாள். முதுகு முழுக்கப் படுக்கைப் புண்.

"சந்தனம், கழுத்தைக் கட்டிக்க. இன்னும் கொஞ்சம்தான்."

புது ஆளைப் பார்த்ததும் அந்தப் பெண் பதறினாள்.

"இவுகளுக்கு இடுப்புக்குக் கீழ உணர்ச்சியே இல்லைங்கய்யா. நான் ஒத்தையாப் புரட்ட முடியலை. ஒரு நாள் அண்ணன் வரலைன்னாலும் தோல் பிஞ்சுருது. வேலைக்கு ஆகாத ஆளுன்னு அவரு தோட்டத்துல நாங்க இருந்த குடிசையையும் காலி பண்ணச் சொல்லிட்டாரு மொதலாளி. அதான் இங்க வந்து கெடக்கோம்."

தோளில் சாய்ந்திருந்தவன் கண்ணை மட்டும் திருப்பினான்.

"மெக்கானிக்காண்ணே? வண்டி இப்பச் சூட்டுல எடுக்குதா?"

சுவக்கீன்தான் பதில் சொன்னான்.

"எடுக்குது சந்தனம்." பிறகு மெக்கானிக்கைப் பார்த்து, "அடிபட்ட மறுவாரமே நானே சரி பண்ணிட்டேண்ணே. முந்தின வாரமே பண்ணியிருக்கணும். அன்னைக்கு ஸ்டீரிங்குல இருந்தவன் நான்தானே."

குரலைத் தாழ்த்தினான்.

"மொதலாளிகிட்டச் சொல்லிராதீக. கோளாறு இல்லைன்னு தெரிஞ்சா இங்க நிறுத்த விடமாட்டாரு."

ஆறுமுகசாமி குனிந்து அந்த உயிரில்லாத கால்களைப் பிடித்துக்கொண்டார். இருவருமாக அவனை ஒருக்களித்துப் படுக்க வைத்தார்கள்.

திரும்பும்போது ஓடையில் ஒரு சாக்கை நனைத்து எடுத்து வந்து, சூட்டை ஆற்றுகிறவர்போல எஞ்சினில் இருந்த பெட்ரோல் பம்பின் மேல் போட்டார்.

"கோளாறு இருக்கா, இல்லையா?"

"இருக்குதுங்க."

"அப்ப சரி பண்ணு."

"என்னால ஆகாதுங்க." இருபது வருசத் தொழிலில் அவர் வாயில் வராத வார்த்தை அது. "தினமும் இங்க நின்னு, ஆற வெச்சுத்தான் எடுக்கோணும். இல்லைன்னா இன்னொருத்தன் முதுகு போயிருங்க."

"அந்தப் பொம்பளை?"

"தண்ணி காய வெச்சுக் குடுக்கறவங்க. வேற ஒண்ணுமில்லைங்க."

"பெரிய மெக்கானிக்குன்னு உன்னைக் கூட்டிட்டு வந்தேன் பாரு!" செல்லத்துரை காறித் துப்பினார். "சரி, நின்னே போகட்டும். ஒரு முதுகுக்கு நான் பட்டதே போதும். அந்தச் சந்தனத்துக்கு என்ன, இப்ப சொந்த ஊருல காலை நீட்டிச் சௌக்கியமாப் படுத்திருப்பான்."

ஆறுமுகசாமி பானட்டை மூடினார்.

"இருக்காருங்க" என்றார் வாய்க்குள்ளேயே. "இந்த வண்டிக்குக் கோளாறு இருக்கற வரைக்கும் இருப்பாருங்க."