யாரோ கட்டிய தவணை

இட்லிமாவுக் கடை வைக்கக் கடன் கேட்டு வங்கிக்கு வந்திருந்த சந்தனமாரியிடம், அதிகாரி அவளுடைய கடன் அறிக்கையைக் காட்டினார். பழைய தையல் மிஷின் கடனொன்று, முப்பத்தாறு தவணையும் நாள் தவறாமல் கட்டி முடிந்திருந்தது.

"நான் தையல் மிஷினே வாங்கலையே சார்."

"இதே பேர்ல வேற யாரோட கணக்கோ கலந்துடுச்சும்மா. நீக்கச் சொல்லி எழுதித் தரலாம். ஆனா உங்க கடன் மார்க் குறையும், கடன் கிடைக்கிறது கஷ்டம்."

ஒழுங்காகக் கட்டிய அந்தப் பெண் கடன் கிடைக்காமல் எந்த வங்கியில் விழித்துக்கொண்டு நிற்கிறாளோ? பேனாவை எடுத்தாள், வைத்தாள். பிறகு அறிக்கையை மறுபடி மேலிருந்து கீழே பார்த்தாள்.

"சார், நான் தவணை விட்ட ஃபிரிட்ஜ் கடன் இதுல இல்லையே. அது யார் தலையில ஏறியிருக்கு?"