நுரை பூசிய பலூன்

"மாமா, உங்க வீட்டுல மட்டும் எப்படி தினமும் பிறந்தநாள்?"

பக்கத்து வீட்டுச் சிறுமி ஒருநாள் மாடிப்படியில் வழிமறித்துக் கேட்டாள். அவன் கையில் பலூன் பொட்டலம் இருந்தது.

அவள் கேட்டது நியாயம்தான். காலை வேளையில் பலூன் வெடிக்கிற சத்தம் சுவரைத் தாண்டிப் போகத்தானே செய்யும்? பாட்டு இல்லை, விருந்தாளி இல்லை, வாசலில் ஒரு ஜோடிச் செருப்புகூடக் கூடுதலாக இல்லை. வெடிச்சத்தம் மட்டும்.

"எனக்குத்தான் வயசு ஏறிக்கிட்டே போகுதேம்மா."

அவள் சிரித்தாள். அவன் கதவைச் சாத்திக்கொண்டான்.

அவன் சலூன்காரன். தொழிலுக்குப் புதிதாக வருகிறவர்களிடம் பலூனை ஊதிக் கொடுத்து, அதன்மேல் நுரை பூசி, சவரக்கத்தியால் வழிக்கச் சொல்வார்கள். பலூன் வெடிக்காமல் நுரை முழுக்க வந்துவிட்டால்தான் மனிதக் கழுத்தைத் தொடலாம்.

தலை நரைத்தபிறகு அவன் மறுபடி பலூனுக்கு வந்திருந்தான்.

கை நடுங்கும். அது நிற்பதற்காகக் காலையிலேயே ஒரு வாய் ஊற்றிக்கொள்வான். நின்றுவிடும். கத்தி, சீப்பு, பிரஷ் மாதிரி பாட்டிலும் தொழில் சாமான்களில் ஒன்று என்றே நினைத்திருந்தான். வருஷங்கள் போகப் போக ஒரு வாய் போதவில்லை. பிறகு எவ்வளவு ஊற்றினாலும் கை சொன்ன பேச்சைக் கேட்கவில்லை.

அப்போதெல்லாம் அவனைக் காப்பாற்றியது அடுத்த நாற்காலிக்காரன். வாய் ஓயாமல் பேசுவதால் அவனுக்கு ரேடியோ என்று பேர்.

"அவனுக்குத் தோள்பட்டை புடிச்சுக்கிச்சு சார். சவரத்துக்கு இப்படி வாங்க."

முடிவெட்டை நண்பனுக்கு விட்டுவிட்டு, சவரத்தைத் தான் எடுத்துக்கொள்வான் ரேடியோ. பொய் பாவம் என்று நம்புகிறவன், அந்த ஒரு பொய்யை மட்டும் தினமும் சிரித்த முகத்தோடு சொன்னான்.

ஆளில்லாத ஒரு மதியத்தில்தான் குரலைத் தாழ்த்தினான்.

"டேய், கை ஆடுதுன்னு குடிக்கிறியா, இல்ல குடிக்கிறதால கை ஆடுதா? எனக்குச் சொல்ல வேணாம். உனக்கே சொல்லிக்க."

அவன் சீப்புகளைக் கழுவப் போய்விட்டான். கொஞ்ச நாள் டீக்குக்கூடத் தனியாகவே போனான்.

பிறகு ஒரு காலையில், கத்தியும் கையுமாக நின்றிருந்த ரேடியோ கடைக்குள்ளேயே சரிந்து விழுந்தான். ஆம்புலன்ஸ் வந்து தூக்கிப்போனது. நாற்காலியில் பாதி மழித்த முகத்தோடு ஒருவர் மிச்சமிருந்தார்.

அவன் கத்தியை எடுத்தான். அவர் கத்தியைப் பார்த்தார், கையைப் பார்த்தார். துண்டை உருவி நுரையைத் தானே துடைத்துக்கொண்டு, பாதித் தாடியோடு தெருவில் இறங்கிப் போய்விட்டார்.

அன்றைக்குத்தான் தனக்குத்தானே பதில் சொல்லிக்கொண்டான்.

டாக்டரிடம் போனான். அவர் கொடுத்த மாத்திரையோடு, அவர் சொன்னபடி, படிப்படியாக நிறுத்தினான். சேர்ந்து குடித்தவர்கள் வழியில் பார்த்தால் அவசர வேலை இருப்பதுபோல நகர்ந்தார்கள். குடியை விட்டவனுக்குச் சாயங்காலங்கள் எவ்வளவு நீளம் என்று யாரும் அவனுக்குச் சொல்லியிருக்கவில்லை. கடவுளிடம் பேசினான். பலூனிடமும் பேசினான்.

"தலைய ஆட்டாதீங்க சார்."

இன்று காலையில் ஒரு பலூன் வெடிக்கவில்லை. நுரையெல்லாம் போய், வழவழவென்று அவன் உள்ளங்கையில் உட்கார்ந்திருந்தது.

கத்தியைத் துடைத்துப் பையில் வைத்துக்கொண்டு புறப்பட்டான். சலூனுக்குத் திரும்புகிற முக்கு வந்தது. அவன் திரும்பவில்லை. நேரே நடந்தான்.

ஆஸ்பத்திரி மாடி. ரேடியோவின் மனைவி பிளாஸ்க்கை எடுத்துக்கொண்டு வெந்நீருக்குப் போகும்வரை பின்பக்கப் படியில் காத்திருந்தான். பிறகு அறைக்குள் போனான்.

விழுந்த நாளிலிருந்து ரேடியோவுக்கு நினைவு திரும்பவில்லை. அத்தனை பேர் முகத்தை மழித்தவனின் முகத்தில் தாடி மண்டிக் கிடந்தது. பேச்சு இல்லாத அந்த வாயைப் பார்க்கவே அவனுக்கு என்னவோ போலிருந்தது.

நுரை பூசினான். கடவுளே, இது உன் கை என்று நினைத்துக்கொண்டு, கத்தியைக் காதோரம் கொண்டுபோனான்.

கை ஒரு தடவை ஆடியது.

எடுத்துவிட்டுக் காத்திருந்தான். மறுபடி வைத்தான். ஆடவில்லை.

கன்னம். மோவாய். கடைசியில் கழுத்து. துடிக்கிற நரம்பின்மேல் கத்தி தண்ணீர்போல் வழுக்கிச் சென்றது. ஈரத்துணியால் முகத்தைத் துடைத்தான். காதுக்குப் பின்னால் ஒட்டியிருந்த நுரையையும் எடுத்தான். தலையணையைச் சரிசெய்தான்.

பின்பக்கப் படியில் பாதி இறங்கியபோது மேலே அவள் குரல் கேட்டது. யாரோ ஒரு நர்ஸைப் பிடித்துக்கொண்டு அழுதுகொண்டிருந்தாள்.

"நீ நல்லா இருக்கணும் தாயி. எங்க வீட்டுக்காரர் மூஞ்சிய எனக்குத் திருப்பிக் குடுத்துட்டியே."

அவன் செருப்பைக் கழற்றிக் கையில் எடுத்துக்கொண்டு, சத்தமில்லாமல் மிச்சப் படிகளை இறங்கினான்.